சின்னத்திரையில் காவல்துறை

மல்லாபூர்த் தொழிற்பேட்டையை அடுத்து ஒரு தேநீர்க்கடை உண்டு. மாலையில் வேலை முடிந்து வரும் தொழிலாளர் அங்கே கூடுவர். பீகாரிலிருந்து வந்தவர் ஒருபுறம், ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒருபுறம், தெலுங்கர் ஒருபுறம், அறை வாடகை குறைவு என்பதற்காக அப்பகுதியில் தங்கி, பேருந்தில் பல்கலைக்கழகம் சென்றுவரும் எம்மைப் போன்ற தமிழ் மாணவர் ஒருபுறம். ஒருநாள் கடையின் இரும்புக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. மேலும் ஏறவில்லை, கீழும் இறங்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், “தயா, கதவை உடை!” என்று இந்தியில் கூவினார். கடையே சிரித்தது. ஊர் வேறு, மொழி வேறு, உணவு வேறு என்றிருந்த அத்தனை பேரையும் ஒரே நொடியில் ஒன்றாகச் சிரிக்க வைத்தது எது? ‘சி. ஐ. டி.’ என்னும் தொலைக்காட்சித் தொடர்.

சில திங்களுக்குப் பின் அதே கடையில் வேறொன்று நிகழ்ந்தது. தேநீர் அருந்த வந்த ஒருவருடைய கைப்பேசி காணாமற் போயிற்று. கடையில் குவளை கழுவும் இளைஞன்மீது ஐயம் விழுந்தது. “இரண்டு அறை விட்டால் உண்மை தானே வெளியே வரும்” என்றார் ஒருவர். விட்டார்கள். மூன்றாவது அறையில், “ஆம், நான்தான் எடுத்தேன்” என்றான் அவன். “எங்கே வைத்தாய்?” என்று கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் மணி நேரம் சென்றபின், கைப்பேசிக்கு உரியவர் வந்திறங்கிய ஆட்டோவின் இருக்கை இடுக்கிலேயே அது கிடைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம், தடுக்கவில்லை. வெட்கத்தோடு இதனை எழுதுகிறேன்.

அந்தச் சிரிப்புக்கும் இந்த அறைக்கும் ஏதேனும் உறவு உண்டா? இக்கேள்விதான் அத்தொடரின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராயுமாறு என்னைத் தூண்டியது. அறிந்தவற்றை மன்றத்து நண்பர்கள் முன் வைக்கிறேன்.

துப்பறிவாளரும் காவலரும்

தமிழர்க்குத் துப்பறியும் கதை புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வகை நாவல்களை எழுதிக் குவித்தனர். பின்னர்த் தேவனுடைய சாம்பு வந்தார். தமிழ்வாணனுடைய சங்கர்லால் வந்தார். இவர்களெல்லாம் தனி மனிதர்கள். தம் மூளையையோ, சாம்புவைப் போலத் தம் நல்லூழையோ துணைகொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிப்பவர்கள். இக்கதைகளில் காவல்துறையார்க்குப் பெரும்பாலும் துணை வேடமே கிடைத்தது.

காவல்துறையே கதைத் தலைவனாக வரும் தொடர் அமெரிக்காவில்தான் முதன்முதலாகப் பெரும்புகழ் பெற்றது. 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த குற்றத் திரைப்படம் ஒன்றில் ஜாக் வெப் என்னும் இளம் நடிகர் காவல்துறை ஆய்வுக்கூட அலுவலராக ஒரு சிறு வேடம் ஏற்றார். அப்படத்திற்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்சலிஸ் காவல் அதிகாரியோடு அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சிலிருந்து ஒரு கருத்து முளைத்தது. காவல் நிலையத்தின் உண்மைக் கோப்புகளைக் கதையாக்கினால் என்ன? அக்கருத்தே 1949-இல் ‘டிராக்நெட்’ என்னும் வானொலித் தொடராயிற்று. 1951-இல் தொலைக்காட்சிக்கும் வந்தது.

‘டிராக்நெட்’ தொடரில் ஆரவாரம் குறைவு. சார்ஜண்ட் ஃபிரைடே வீடு வீடாகச் செல்வார், கேட்பார், குறித்துக்கொள்வார். பெயர்களை மட்டும் மாற்றிக் கதையை உண்மையாகவே சொல்வதாக அத்தொடர் அறிவித்தது. ஒவ்வொரு கதையின் இறுதியிலும் நீதிமன்றத்தில் என்ன தீர்ப்பு வந்தது, எத்தனை ஆண்டு தண்டனை என்பதும் சொல்லப்பட்டது. இதனை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர்ப் பயன்படும். ஆனால் அதற்கும் ஒரு குறை இருந்தது. கதைகள் காவல்துறையின் ஒத்துழைப்போடும் ஒப்புதலோடும் உருவானமையால், அத்துறையின் பிழைகள் திரையில் தலைகாட்டவில்லை.

இங்கிலாந்தில் பி. பி. சி. நிறுவனம் 1955-இல் ‘டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்’ என்னும் தொடரைத் தொடங்கியது. அதன் தலைவர் தெருவில் போவோரையெல்லாம் அன்போடு விசாரிக்கும் முதிய காவலர். 1962-இல் வந்த ‘இசட் கார்ஸ்’ தொடரோ, காவலரும் கோபமும் குறையும் உள்ள மனிதரே என்று காட்டியது. காவல்துறைத் தொடர் வரலாறு முழுவதும் இந்த இழுபறியைக் காணலாம். காவலரைப் போற்றுவதா, உள்ளபடி காட்டுவதா என்பதே அது.

இந்தியத் திரையில்

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1972-இல் பம்பாய்க்கும் 1975-இல் சென்னைக்கும் அது வந்தது. 1982-இல் வண்ணம் பெற்றது. 1984-இல் ‘ஹம் லோக்’ வந்தபின் தொடர்கதை என்பது நாடெங்கும் வீட்டுப் பழக்கமாயிற்று. 1985-இல் பங்கஜ் கபூர், ‘கரம்சந்த்’ என்ற தொடரில் காரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிந்தார். அவரும் தனித் துப்பறிவாளரே.

காவல்துறையைக் கருப்பொருளாகக் கொண்டு மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த தூர்தர்ஷன் தொடர் 1989-இல் வந்த ‘உடான்’. பறத்தல் என்பது அச்சொல்லின் பொருள். கவிதா சௌத்ரி என்னும் அம்மையார் அதனைத் தாமே எழுதி, தாமே இயக்கி, தாமே நடித்தார். அவருடைய தமக்கையார் காஞ்சன் சௌத்ரி பட்டாசார்யா 1973-ஆம் ஆண்டில் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தவர். 2004-இல் உத்தராகண்ட் மாநிலத்தின் காவல்துறைத் தலைவராகி, இந்தியாவில் அப்பதவியை ஏற்ற முதற்பெண் என்னும் சிறப்பைப் பெற்றவர். அவருடைய வாழ்க்கையே ‘உடான்’ தொடருக்கு வித்து. அதில் கல்யாணி என்னும் பெண் தேர்வு எழுதுகிறாள்; பயிற்சி பெறுகிறாள்; தவறுகிறாள்; மீண்டும் எழுகிறாள். தன் குடும்பத்திற்கு அநீதி நேர்ந்தபோது கேட்பாரில்லை என்பதால்தான் அவள் அப்பணியை நாடுகிறாள். துப்பாக்கியைக் காட்டிலும் பொறுப்பே அக்கதையில் பெரிதாகத் தெரிந்தது. தமக்கையார் 2019-இலும் தங்கையார் 2024-இலும் மறைந்தனர்.

‘சி. ஐ. டி.’ பிறந்த கதை

இனி நம் தொடருக்கு வருவோம். அதனைப் படைத்தவர் பி. பி. சிங். புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியில் பயின்று, பம்பாய்த் தூர்தர்ஷனில் செய்திப் படப்பிடிப்பாளராகப் பணியாற்றியவர். செய்திக்காகச் சென்ற இடங்களில் குற்றப்பிரிவு அதிகாரிகளோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர்கள் எவ்வாறு பேசுகிறார்கள், எவ்வாறு தடயம் தேடுகிறார்கள், எவ்வாறு சலிப்போடு காத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் அருகிருந்து கண்டார். முதலில் மராத்தியில் ‘ஏக் சூன்ய சூன்ய’ என்னும் தொடரை எடுத்தார். ஒன்று, சுழி, சுழி, அதாவது 100. காவல்துறையை அழைக்கும் தொலைபேசி எண்ணே தலைப்பாயிற்று. வங்கி ஊழியராக இருந்து நாடக மேடையில் பெயர் பெற்ற சிவாஜி சாட்டம் அதில் நடித்தார்.

1995-இல் சோனி தொலைக்காட்சி இந்தியாவிற்கு வந்தது. தனியார் அலைவரிசைகளுக்கிடையே போட்டி மூண்டிருந்த காலம் அது. 1998 ஜனவரி 21-இல் ‘சி. ஐ. டி.’ அவ்வலைவரிசையில் தொடங்கிற்று. சிவாஜி சாட்டம் ஏ. சி. பி. பிரத்யுமன் ஆனார். ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா அபிஜீத் என்னும் அதிகாரியாகவும், தடகள வீரராக இருந்து நடிக்க வந்த தயானந்த் ஷெட்டி தயாவாகவும், தினேஷ் ஃபட்னிஸ் ஃபிரெடரிக்ஸாகவும், நரேந்திர குப்தா ஆய்வுக்கூட மருத்துவர் சாலுங்கேயாகவும் இடம்பெற்றனர். பின்னாளில் ‘லகான்’ படத்தை இயக்கிய அசுதோஷ் கோவாரிகரும் தொடக்கக் காலத்தில் இன்ஸ்பெக்டராக நடித்தார் என்பது பலர் அறியாத செய்தி.

இத்தொடரின் புதுமை யாது? இதில் சங்கர்லால் இல்லை. ஒரு குழு உண்டு. ஒருவர் கேட்கிறார், ஒருவர் தேடுகிறார், ஒருவர் ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கிறார், ஒருவர் நகைச்சுவையால் இறுக்கத்தைத் தளர்த்துகிறார். நடுத்தர மக்களின் அலுவலகத்தைப் போன்ற ஓர் அலுவலகம். அதனால்தான் அவர்கள் நம் வீட்டு மனிதர்கள் ஆயினர். தொடக்கத்தில் ஒரு வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடாது, வாரக்கணக்கில் நீளும். பார்ப்போர் தாமும் துப்புத் துலக்கிக்கொண்டே காத்திருப்பர்.

வளர்ச்சியும் மாற்றமும்

தொடர் வளர்ந்தது. 2004-ஆம் ஆண்டில் 111 நிமிடம் ஓடும் ஒரு முழுக் கதையை வெட்டும் ஒட்டும் இன்றி ஒரே படப்பிடிப்பாக எடுத்துக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றனர். நடிகர் ஒருவர் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காமிராவோடு வளர்ந்த பி. பி. சிங்கின் துணிவே துணிவு! 2018 அக்டோபர் 27-இல் 1,547-ஆம் பகுதியோடு தொடர் நின்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 21-இல் மீண்டும் தொடங்கியது. இடையில் 2023-இல் தினேஷ் ஃபட்னிஸ் மறைந்தபோது, சொந்த மனிதரை இழந்ததுபோல் பலர் வருந்தினர்.

ஆனால் நீண்ட பயணத்தில் வண்டி சற்றே தடம் மாறிற்று. வாரக்கணக்கில் நீண்ட வழக்குகள் பிற்காலத்தில் ஒரு மணி நேரத்திற்குள் சுருங்கின. அந்த ஒரு மணியிலும் விளம்பரத்திற்குப் போக எஞ்சியதே கதைக்கு. பிணம் கிடைக்க வேண்டும். நாலைந்து பேர்மேல் ஐயம் எழ வேண்டும். ஆய்வுக்கூடம் பேச வேண்டும். குற்றவாளி அகப்பட வேண்டும். இத்தனைக்கும் இடம் எங்கே? எனவே கதையை விரைந்து முடிக்கும் கருவிகள் இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, கதவை உடைக்கும் தயாவின் தோள். மற்றொன்று, அதே தயாவின் கை. ஓங்கி ஓர் அறை. உடனே குற்றவாளி தன் கதை முழுவதையும் ஒப்பிப்பான். இனி உனக்குத் தூக்குத்தான் என்று ஏ. சி. பி. சொல்வார். முடிந்தது வழக்கு.

வழக்குரைஞர் எங்கே? சாட்சி எங்கே? நீதிபதி எங்கே? அவர்களுக்கு நேரமும் இல்லை, அரங்கமும் இல்லை. ‘டிராக்நெட்’ தீர்ப்பைச் சொல்லி முடிந்தது என்று முன்னர்க் கண்டோம். இங்கே தீர்ப்பையும் காவல் அதிகாரியே சொல்லிவிடுகிறார். எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு இதனைச் செய்தார்கள் என்று நான் கருதவில்லை. வாரந்தோறும் கதை வேண்டும், செலவு குறைய வேண்டும், மணி அடிப்பதற்குள் முடிய வேண்டும் என்னும் நெருக்கடியில், ஒப்புதல் வாக்குமூலமே மலிவான முடிவாக அமைந்தது என்பது என் கணிப்பு. ஆனால் இருபது ஆண்டுகள் வாரந்தோறும் கண்ட காட்சி கண்ணோடு நின்றுவிடுமா? கருத்திலும் இறங்கும் அன்றோ?

ஆய்வுக்கூடமும் அறையும்

உண்மையில் சட்டம் சொல்வது என்ன? காவல் அதிகாரியிடம் குற்றம் சாட்டப்பட்டவர் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 23-ஆம் பிரிவில் அதனையே கூறுகிறது. காவலில் உள்ளவர் சொன்ன செய்தியால் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் விலக்கு. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு. ஆகவே, தயாவின் அறையால் பெற்ற வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாக் காசு.

வெள்ளையர் காலத்துச் சட்டம் ஏன் இப்படிச் சொல்லிற்று? அடிபட்டவன் உண்மையைச் சொல்வதில்லை. அடியை நிறுத்தும் சொல்லைச் சொல்கிறான். எங்கள் தேநீர்க்கடை இளைஞனும் அதைத்தான் செய்தான். அடி விழாதபோதும் அச்சமும் குழப்பமும் பொய்யான ஒப்புதலைத் தரக்கூடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிஞர் டி. என். ஏ. ரேகை முறையைக் கண்டார். அப்பகுதியில் 1983-இலும் 1986-இலும் இரு சிறுமியர் கொல்லப்பட்டிருந்தனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாம் கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டான். முதற்கொலையையும் அவன் செய்தான் என்று மெய்ப்பிக்க விரும்பிக் காவல்துறையினர் ஜெஃப்ரீஸிடம் சென்றனர். சோதனையின் முடிவோ, இரண்டு கொலையையும் செய்தவன் ஒருவனே என்றும் அவன் இந்த இளைஞன் அல்லன் என்றும் காட்டிற்று. அப்பகுதி ஆடவர் 5,000 பேர்க்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். அச்சோதனையிலும் வேறொருவரைத் தன் பெயரில் அனுப்பித் தப்பிய உண்மைக் குற்றவாளி 1987-இல் பிடிபட்டு, 1988-இல் ஆயுள் தண்டனை பெற்றான். குற்ற வழக்கில் அப்புதிய முறை முதலில் செய்த பணி ஒரு நிரபராதியை விடுவித்ததே!

இதற்காக நாம் லெஸ்டர் வரை செல்ல வேண்டியதில்லை. மல்லாபூரிலிருந்து நாச்சாரம் வழியாக ஹப்சிகூடா சென்றால் சி. சி. எம். பி. என்னும் உயிரியல் ஆய்வு மையம் நிற்கிறது. அங்கே லால்ஜி சிங் என்னும் அறிஞர் இந்தியாவிற்கென டி. என். ஏ. ரேகை முறையை உருவாக்கினார். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் உடற்கூறுகளை அடையாளங்காண அம்மையத்தின் அறிவு பயன்பட்டது. உப்பலில் டி. என். ஏ. ரேகைக்கெனத் தனி மையமும், ராமந்தாபூரில் மத்தியத் தடய அறிவியல் ஆய்வுக்கூடமும் உள்ளன. நாள்தோறும் நாம் பேருந்தில் சுற்றும் வட்டாரத்திலேயே உண்மையான சாலுங்கேக்கள் பணியாற்றுகின்றனர். அவர்களுடைய வேலை ஒரு மணி நேரத்தில் முடியாது. முத்திரையிட்ட பொட்டலம், வரிசை எண், திரும்பத் திரும்பச் சோதனை, எழுத்து மூலமான அறிக்கை, பிறகு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. கண்ணுக்கு விருந்தாகாத வேலைதான். ஆனால் நிரபராதியைக் காப்பது அந்த வேலைதான்.

பூமாரியும் வருத்தமும்

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அன்று என்பதற்கு இந்நகரமே சான்று. 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே மருத்துவப் பெண்மணி ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது, கொதித்தது நியாயமே. கைதான நால்வரும் டிசம்பர் 6-ஆம் நாள் விடியற்காலையில் சட்டான்பள்ளியில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். வழக்கு ஒரு நாள்கூட நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவில்லை. பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதத்தில் வெளிவந்தது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற காவல்துறையின் கூற்றை அது ஏற்கவில்லை. கொல்லும் எண்ணத்தோடே சுட்டனர் என்றது. இறந்த நால்வரில் மூவர் சிறார் என்றும் கண்டது.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததனால்தான் மலர் தூவினர் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் தாமதம் மக்களை அவ்வளவு சலிப்படையச் செய்திருக்கிறது என்பதும் உண்மை. ஆயினும், விசாரணை இல்லாத முடிவே வீரமான முடிவு என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன என்பதை மறுக்க இயலுமா? தமிழ்நாட்டில் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் கொடுமையால் உயிர் துறந்தபோது, ‘சாமி’, ‘சிங்கம்’ முதலிய படங்களை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். கதைக்கும் வாழ்க்கைக்கும் உறவு உண்டு என்பதைக் கதை சொல்பவரே உணர்ந்த நேரம் அது.

முடிவாக

அப்படியாயின் ‘சி. ஐ. டி.’ பார்க்கலாகாதா? பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். பி. பி. சிங் உண்மைக் காவலரிடமிருந்து கற்ற பொறுமையும், குழுவாக வேலை செய்யும் பாங்கும், சிறு தடயத்தையும் அலட்சியம் செய்யாத கூர்மையும் அத்தொடரில் இன்னும் இருக்கின்றன. சாலுங்கே பேசும்போது காது கொடுப்போம். தயா கதவை உடைக்கும்போது கைதட்டிச் சிரிப்போம். அவர் கையை ஓங்கும்போது மட்டும், ‘இங்கே கதையாசிரியர்க்கு நேரம் போதவில்லை’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

தமிழர்க்கு இப்பாடம் புதியதா? பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கதை நாம் பள்ளியில் படித்தது. கண்ணகி அவைக்கு வந்து அழுது மட்டும் நிற்கவில்லை, சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அந்த ஒரு சோதனை முன்பே நடந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்; மதுரையும் பிழைத்திருக்கும்.

குவளை கழுவிய அந்த இளைஞன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. எங்குச் சென்றான் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. கடையின் இரும்புக் கதவு இப்பொழுதும் சில மாலைகளில் சிக்கிக்கொள்கிறது; யாரேனும் தயாவை அழைக்கிறார்கள்; எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் இனி அங்கே யாரேனும் ஒருவர்மேல் ஐயம் விழுந்தால், “முதலில் ஆட்டோவில் தேடிப் பார்ப்போம்” என்று சொல்ல ஒரு குரலேனும் இருக்க வேண்டும். அக்குரல் நம் மன்றத்து மாணவர் ஒருவருடையதாக இருக்கட்டும்.